உல்லனா, காட்டனா, பிரித்த நூலா: முதலில் யார் துவைக்கப் போகிறார் என்று கேளுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் ஆறு பேர் ஊசியோடு உட்காருகிறோம். எதிர்வீட்டு அக்கா, கீழ்வீட்டு ஆயா, மெஷின் தைக்கிற தங்கச்சி, அவளுடைய நாத்தனார், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் ஒரு அம்மா, நான். பின்னுவதில் பாதிக்கு மேல் வெளியே கொடுக்கத்தான். மாதம் ஆளுக்கு 100 ரூபாய் உண்டியலில் போடுகிறோம். ஆறு மாதம் கழித்துப் போன வாரம் திறந்து எண்ணினால் 3,600 ரூபாய் இருந்தது.

"அக்கா, இந்தவாட்டி இன்னா நூலு வாங்கலாம்?" என்றாள் தங்கச்சி.

பதில் சொல்ல இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்தவருக்காகப் பின்னுகிற யாருக்கும் இதே கேள்வி வரும்.

எங்கள் முன்னால் மூன்று வேலைகள் இருந்தன. மாதம் நிறையாமல் பிறந்து அரசு மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்குக் குல்லா. காசிமேட்டிலிருந்து இருட்டோடு படகேறும் அண்ணன்மாருக்குத் தலையும் காதும் மூடுகிற குல்லா. வியாசர்பாடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துப் பாட்டிகளுக்கு மார்கழிக்குத் தோளில் போட்டுக்கொள்ள சால்வை. நூல் நான்கு வகை: அக்ரிலிக் என்கிற செயற்கை நூல், பருத்தி, நிஜக் கம்பளி, பழைய ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூல்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பாரிமுனைச் சந்துகளில் போய் "உல்லன் நூல்" என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். அதில் ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இருக்காது. நம் அம்மாக்கள் காலத்திலிருந்து பளபளவென்று உருண்டையாக இருக்கும் எல்லா நூலுக்கும் உல்லன் என்றே பெயர் நின்றுவிட்டது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவரும் கொடுக்கிறவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்று தெரியாமல் குழந்தை தலைக்குப் பின்னக் கூடாது.

தெரிந்துகொள்ள ஒரு தீக்குச்சி போதும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல், ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து நுனியில் தீ வையுங்கள். பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாசனையோடு, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். கம்பளி மெதுவாகக் கருகும், முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்தால் தானே அணையப் பார்க்கும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, புகைவிட்டு எரியும். ஆறியபின் நுனியில் மிளகு போல ஒரு கறுப்பு மணி உறைந்து நிற்கும். விரலால் நசுக்கினாலும் உடையாது. அன்று மாடியில் ஆளுக்கொரு துண்டாக எரித்துப் பார்த்தோம். "100% காட்டன்" என்று ஒட்டியிருந்த ஒரு உருண்டையில் அந்தக் கறுப்பு மணி வந்தது. ஆயா அதை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "இதுவா பச்சப்புள்ள தலயில கெடக்கும்?" என்றார்.

அக்ரிலிக்கின் நல்லதையும் சொல்ல வேண்டும். கையில் இதமாக ஓடும். கனமில்லை. பூச்சி அரிக்காது. சாயம் லேசில் போகாது. உருண்டையாக விற்கிற பருத்தியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி விலை. கற்றுக்கொள்ளும் கைக்கு இதைவிட நல்ல நூல் கிடையாது, பிரித்துப் பிரித்துப் பின்னலாம். நானும் இதில்தான் கற்றேன்.

சிக்கல் எங்கே என்பதை இரண்டு வருடத்துக்கு முன் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். தலையில் பஞ்சுக் குஞ்சம் வைத்து, காதோரம் கயிறு விட்டு, நாற்பது குல்லா பின்னி ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வார்டு சிஸ்டர் ஒரு குல்லாவை வாங்கி உள்பக்கமாகப் புரட்டி, தன் கறுப்புப் பேனா மூடியில் இரண்டு தேய் தேய்த்துக் காட்டினார். மூடியெல்லாம் மஞ்சள் பிசிறு. "இது மூக்குக்குள்ள போவும்மா" என்றார். கயிறு கழுத்தைச் சுற்றும், குஞ்சம் வாயில் வரும், உள்ளே தொங்கும் நூல் முனை விரலில் சுற்றினால் ரத்தம் நின்றுபோகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "கொதிக்கிற தண்ணில போட்டா தாங்குமா?" தாங்காது. வெந்நீரில் அக்ரிலிக்கின் நெளிவு செத்துவிடும். தொங்கிப்போன குல்லா பழைய அளவுக்குத் திரும்பாது. இஸ்திரிப் பெட்டி பட்டால் கண்ணாடி போல் வழுவழுத்துவிடும். நாற்பதில் முப்பத்தொன்றைத் திருப்பிக் கொண்டுவந்தோம். அவர் செய்தது சரி. ஊசியை எடுக்கும் முன்பே அவரைப் போய்க் கேட்டிருக்க வேண்டியது நாங்கள்.

அந்த ஒரு கேள்விதான் இப்போது எங்களுக்கு அளவுகோல். இதை யார் துவைப்பார், எந்தத் தண்ணீரில், எதில் காயவைப்பார்? விலை, நிறம், மென்மை எல்லாம் அதற்குப் பிறகு. துணி வெளுக்கிறவர்களின் பெயரிலேயே ஒரு வண்ணாரப்பேட்டை இருக்கிற பகுதி நம்முடையது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம். சற்று வடக்கே திருவொற்றியூர்க் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர். அவர் பெயர்தான் நம் வாயில் காலடி ஆயிற்று. நெய்தவருக்கும் வெளுத்தவருக்கும் பேர் வைத்த மண்ணில், நூல் வாங்கும்போது துவைக்கிறவரை மறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குறைமாதக் குழந்தையின் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். வார்டில் ஒரு பக்கெட், ஒரு பார் சோப்பு. துவைப்பது அவளுடைய அம்மாவோ மாமியாரோ. பச்சைக் குழந்தை துணியை வெந்நீரில் முக்கி அலசித்தான் அந்தப் பெண்களுக்குப் பழக்கம். அதைத் தாங்குவது பருத்தி ஒன்றுதான்.

இங்கே குல்லா ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "மெட்ராஸ் வெயில்ல கொழந்தைக்கு எதுக்குக் குல்லா?" என்று கேட்காதவர் இல்லை. நிறைமாதமாகப் பிறந்து, வீட்டில் மே மாத வெக்கையில் படுத்திருக்கும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், சூடேறிவிடும். எடை குறைந்து பிறந்த குழந்தை வேறு. அதன் உடம்புக்குத் தலை பெரிது. தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. சூடு தலைவழியே போய்க்கொண்டிருக்கும். அம்மாவின் மார்போடு தோலுக்குத் தோல் ஒட்டிவைக்கிற கங்காரு முறையில் குழந்தைக்கு டயப்பர், குல்லா, சாக்ஸ் மட்டும்தான். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அப்படி வைத்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. அந்தக் குல்லாதான் நாங்கள் பின்ன நினைத்தது.

அளவும் முக்கியம். நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்று 34, 35 செ.மீ. அந்த அளவுக்கு பனியன் துணியில் தைத்த குல்லா வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளில் கொட்டிக் கிடக்கிறது. நாம் ஒன்று பின்னி முடிக்கிற நேரத்தில் ஒரு டஜன் வாங்கிக் கொடுத்துவிடலாம். அதைப் பின்னுவது நம் ஆசைக்கு மட்டும்தான். 26, 28 செ.மீ. தலைக்குக் கடையில் தேடினால் கிடைப்பது அரிது. பின்னும் கை அங்கேதான் வேண்டும். தைத்த துணியைப் போல இல்லாமல், இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று, இழுத்தால் விரிகிற வரிவரியான ரிப்பாகப் பின்னினால் குழந்தையோடு குல்லாவும் விரியும். 28 செ.மீ. தலைக்கு 11-ஆம் நம்பர் ஊசியில் 72 லூப் எனக்குச் சரியாக வருகிறது. பருத்திக்குத் துள்ளல் குறைவு, விளிம்பு தளரும். அதனால் முதல் எட்டு வரிசையை ஒரு அளவு மெல்லிய ஊசியில் போடுகிறேன்.

பருத்தியின் இன்னொரு குறை ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வார்டு ஜன்னல் கம்பியில் போட்ட பருத்திக் குல்லா காயவே காயாது. அதற்கு ஒரே வழி, குழந்தைக்கு இரண்டாகக் கொடுப்பது. ஒன்று காய்கையில் ஒன்று தலையில்.

விலைக் கணக்கில் எங்களுக்கே தெரியாத ஒன்று தெரிந்தது. கைப்பின்னலுக்கென்று உருண்டை சுற்றி, காகிதம் ஒட்டி விற்கிற பருத்திதான் விலை அதிகம். நெசவுக்கும் பனியனுக்கும் போகிற நூலை, கூம்பில் சுற்றிய மில் கோனாக வாங்கினால் அக்ரிலிக் உருண்டையைவிடவும் கிலோ விலை குறைவு. இரண்டு முறுக்குள்ள 20-ஆம் நம்பர் நூலில் நான்கு இழையைச் சேர்த்துப் பிடித்தால் நமக்குப் பழக்கமான நாலு ப்ளை தடிமன் வந்துவிடும். நம்பர் கூடக்கூட நூல் மெலியும், அவ்வளவு தெரிந்தால் போதும். முதல் நாள் நான்கு இழையில் ஒன்று ஊசியிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். மறுநாள் கைக்குப் பழகிவிடும்.

பருத்தியில் ஒரு பாவமும் இல்லை என்று நினைத்துக்கொண்டும் வாங்க முடியாது. என் தாத்தா பெரம்பூரில் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) துணி மில்லில் வேலை பார்த்தவர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அந்த மில் தொழிலாளர்களால்தான், பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு வரை போனது. நூல் என்றால் அதில் யாரோ ஒருவருடைய மூச்சு இருக்கிறது என்று தாத்தா சொல்வார், பஞ்சுத்தூசியால் இருமிக்கொண்டே. மில் மூடிப் பல வருடம் ஆகிறது. நூற்பு கொங்குப் பக்கமும் திண்டுக்கல் பக்கமும் பெருகியது. அங்கே சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் வயசுப் பெண்களை விடுதியில் அடைத்துவைத்து, மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம் என்று ஆசைகாட்டி வேலை வாங்கிய கதை நாமெல்லாம் அறிந்ததுதான். சாயம் வேறு. நொய்யல் ஆற்றைத் திருப்பூர்ச் சாயத்தண்ணீர் என்ன செய்தது என்பதற்கு, அந்தக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையே சாட்சி. கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று.

நாங்கள் ஆறு பேர் ஒரு கோன் வாங்கி இதை மாற்றிவிட முடியாது. ஆனால் இரண்டு காரியம் கையில் இருக்கிறது. சாயம் போடாத கோரா நூலாக வாங்குவது. வெளிர் மஞ்சளில் பஞ்சின் நிறத்திலேயே இருக்கும், குழந்தைக்கும் அதுதான் நல்லது. எந்த மில் என்று கடையில் கேட்பது. ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். பதில் வராத கடையிலும் கேட்கிறேன்.

இனி அக்ரிலிக்கையும் கடலையும் பற்றி. வடசென்னையில் இருப்பவருக்கு இது தூரத்து விஷயம் கிடையாது. அக்ரிலிக் பெட்ரோலியத்திலிருந்து வருகிற பொருள். கச்சா எண்ணெய் வழியாகக் கிடைக்கும் புரொப்பிலீனை அக்ரிலோநைட்ரைலாக்கி, அதை இழையாக இழுக்கிறார்கள். நம் உருண்டை லூதியானா பக்கம் நூற்றதாக இருக்கும், மணலியில் செய்ததில்லை. ஆனால் 1969-இலிருந்து எண்ணெய் சுத்திகரிக்கும் அந்த மணலிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு அந்தத் தொழிலின் வாசனை தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. மீனவர்கள் மக்காலும் வாளியாலும் அள்ளினார்கள்.

பின்னி முடித்த பிறகும் அக்ரிலிக் சும்மா இருப்பதில்லை. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் 2016-இல் வந்த ஆய்வு, மெஷினில் 6 கிலோ அக்ரிலிக் துணி ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் தண்ணீரில் கழன்று போகலாம் என்று கணக்கிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று வகைத் துணியில் அக்ரிலிக்தான் அதிகம் உதிர்த்தது. நம் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது? கால்வாய் வழியே கடலுக்கு. அந்தக் கடலில் பிடித்த மீனைத்தான் காசிமேட்டில் கூறு கட்டி வாங்குகிறோம்.

அப்படியென்றால் காசிமேட்டு அண்ணன்மாருக்கு எதில் பின்னுவது? இந்த இடத்தில்தான் எங்களுக்குள் சண்டையே வந்தது. பருத்தியில் பின்னினால் உப்புத்தண்ணீர் தெறித்து ஊறி, தலையில் கல்லு வைத்த மாதிரி கனக்கும், விடிய விடியக் காயாது, குளிரும். எதிர்வீட்டு அக்காவின் தம்பியே விசைப்படகில் போகிறவர். "பருத்தி குட்தா நான் கய்ட்டி வச்சிருவேன்" என்று நேராகச் சொல்லிவிட்டார். அக்ரிலிக் உதறினால் காய்ந்துவிடும். ஈரத்திலும் சூடு தருவது கம்பளி. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளிழுத்த பிறகும் தொட்டால் நனைந்தது போலத் தெரியாது.

ஆனால் கம்பளியை நாங்கள் சீக்கிரம் தள்ளிவைத்தோம். நம் நாட்டு ஆட்டு ரோமம் பெரும்பாலும் முரடு, கம்பளத்துக்கு ஏற்றது, நெற்றியில் குத்தும். மென்மையான மெரினோ ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது, அக்ரிலிக்கைப் போலப் பல மடங்கு விலை. அங்கே குட்டிகளுக்கு ஈப்புழு பற்றாமலிருக்கப் பின்பக்கத் தோலை வெட்டியெடுக்கும் மியூல்சிங் என்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நியூசிலாந்து 2018-இல் தடை செய்துவிட்டது. இவை எல்லாவற்றையும் மீறி வாங்கினாலும் துவைக்கிறவரைப் பாருங்கள். என்னிடம் ஒரே ஒரு நிஜக் கம்பளிச் சால்வை இருந்தது. என் மருமகள் அன்போடு வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கி வைத்தாள். இறுகிப்போய்க் கால்மிதி அளவுக்கு வந்துவிட்டது. அவள்மேல் தப்பில்லை, அந்த நூல் நம் வீட்டுத் துவைக்கும் கல்லுக்கு வந்திருக்கக் கூடாது.

சண்டையைத் தீர்த்தது பிரித்த நூல். மழைக்காலத்தில் பெரியமேட்டில் திபெத்தியர்கள் போடும் கடைகளில் வாங்கி, இரண்டு வருடம் போட்டு, முழங்கையில் கிழிந்து பீரோவில் கிடக்கும் ஸ்வெட்டர் தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஏற்கெனவே செய்து முடித்த அக்ரிலிக். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகாமல் இன்னும் ஐந்து வருடம் ஒரு தலையில் இருக்கட்டும். புதிதாக ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். இழை உதிர்வது நிற்காது, உண்மைதான். ஆனால் கடல் குல்லாவை வாரத்துக்கு ஒருமுறை பக்கெட்டில் முக்கி எடுப்பார்கள், மெஷினில் சுழற்ற மாட்டார்கள், உதிர்வது குறையும். எனக்கு முழு நிம்மதி இல்லை. இருக்கிற வழியில் இது மேல்.

எல்லா ஸ்வெட்டரும் பிரியாது. உள்பக்கம் பக்கத்துத் தையலைப் பாருங்கள். ஓவர்லாக் அடித்து ஓரம் வெட்டியிருந்தால் ஒவ்வொரு வரிசையிலும் நூல் அறுந்திருக்கும், கைக்குத் துண்டு துண்டாக வரும், விட்டுவிடுங்கள். வெட்டாமல், சங்கிலி போல் இணைத்திருந்தால் கழுத்திலிருந்து தொடங்கி ஒரே இழையாக வரும். பிரித்ததும் நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, சாதாத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, கீழே ஒரு சின்னச் சொம்பைக் கட்டித் தொங்கவிட்டால் காய்வதற்குள் நேராகிவிடும். ஆயாதான் இதில் கைதேர்ந்தவர். அவர் கணவர் வலை பின்னியவர். சிக்கெடுக்க அவரைப் போல் எங்களில் ஆளில்லை.

பாட்டிகளின் சால்வைக்கு அதிகம் பேசவில்லை. இல்லத்தில் எல்லார் துணியையும் ஒன்றாக மெஷினில் போடுகிறார்கள் என்று போய்க் கேட்டுவந்தோம். அதோடு, இரண்டு பாட்டிகள் சமையலறையில் காய் நறுக்கிக் கொடுப்பார்கள். அடுப்புப் பக்கம் உருகி ஒட்டுகிற நூல் வேண்டாம். ஆகப் பருத்திதான். முழுச் சால்வை 400 கிராமைத் தாண்டிவிடும், தோள் தாங்காது. அதனால் க்ரோஷாவில் ஓட்டை விட்டு, முக்கோணமாக, 250 கிராமுக்குள் முடிப்பதென்று பேசியிருக்கிறோம். விரல் மாட்டாத அளவுக்குச் சின்ன ஓட்டையாக.

உண்டியல் பணத்தில் நாலரைக் கிலோ கோரா நூல், கோனாகச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றரைக் கிலோ குல்லாக்களுக்கு: ஒன்றுக்கு 25 கிராம் வீதம் 60 குல்லா, 30 குழந்தைகள். மீதி சால்வைக்கு, பன்னிரண்டு பாட்டிகள். மிச்சப் பணத்தில் நிறைமாதக் குழந்தைகளுக்கு எம்.சி. ரோட்டில் பனியன் குல்லா. பிரிக்க இதுவரை ஒன்பது ஸ்வெட்டர் சேர்ந்திருக்கிறது, அதில் நான்கு ஓவர்லாக் அடித்தது.

தங்கச்சி நேற்று ஒரு மாதிரிக் குல்லாவை முடித்து, சட்டியில் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தாள். அளக்க டேப்போடு நாங்கள் ஐந்து பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். முன்பு 25 செ.மீ., இப்போது 24. அடுத்ததில் நான்கு லூப் கூட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன்.